ஒரு மின்குமிழுக்கு எத்தனை எசமானர்கள்? ஸ்மார்ட் விளக்குகளின் கோளாறுகளும் தீர்வுகளும்

புலம்பெயர்ந்து வாழும் எமது வீடுகள் பலவற்றில் இன்று சுவரிலுள்ள சுவிச் மட்டும் விளக்கைப் போட்டு அணைப்பதில்லை. மூத்த மகன் வாங்கிப் பூட்டிய பிலிப்ஸ் ஹியூ, மகளின் ஐபோனில் ஆப்பிள் ஹோம், பிறந்தநாள் பரிசாக வந்து குசினியில் இருக்கும் அலெக்சா ஒலிபெருக்கி, அப்பாவின் கைபேசியில் கூகிள் ஹோம் என ஒரே மின்குமிழ் நான்கு அமைப்புகளின் கீழ் வந்துவிடுகிறது. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்வதில்லை. ஒவ்வொருவரும் தமக்கு வசதியானதைச் சேர்த்துக்கொண்டு போக, சில வருடங்களில் வீடு இந்த நிலைக்கு வந்துவிடுகிறது.

எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை இது பெரிய விடயமாகத் தெரியாது. பிறகு ஒருநாள் விறாந்தை விளக்கு தானாக அணைகிறது, அல்லது அலெக்சா "பதில் இல்லை" என்கிறது, அல்லது நடுச்சாமத்தில் வீடு முழுவதும் வெளிச்சமாகிறது. இளையவர்களுக்கு இது ஒரு எரிச்சல் மட்டுமே. இரவில் மலசலகூடத்துக்கு எழும்பிப் போகும் அம்மம்மாவுக்கு அப்படியல்ல. கைபேசி இல்லாத, அலெக்சாவுடன் ஆங்கிலத்திலோ ஜேர்மன் மொழியிலோ பேசத் தெரியாத ஒருவர் இருட்டில் படி இறங்கவேண்டி வருகிறது. இவற்றை அமைத்துத் தந்த பிள்ளையோ பல்கலைக்கழகத்துக்காக வேறு நகரத்தில் இருக்கிறது.

இப்படிப் பல அமைப்புகள் பகிர்ந்துகொள்ளும் மின்குமிழ்களில் வரும் கோளாறுகளை எந்த ஒழுங்கில் ஆராய்வது, எப்படிச் சரிசெய்வது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம். தொழில்நுட்பம் தெரிந்த பிள்ளை வீட்டில் இல்லாத நேரத்திலும் பயன்படும் விதமாக எழுத முயன்றுள்ளோம்.

கட்டளை எந்தப் பாதையால் வருகிறது?

கோளாறைத் தேடுவதற்கு முன் உங்கள் மின்குமிழ் எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியிலோ குமிழின் உடலிலோ அச்சிட்டிருப்பார்கள்.

வைஃபை குமிழ்கள் வீட்டு ரவுட்டருடன் நேரடியாக இணைபவை. இவற்றுக்கு வேறு பெட்டி தேவையில்லை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். ரவுட்டரின் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை இவற்றின் கண்ணுக்கே தெரியாது.

ஜிக்பீ குமிழ்கள் ரவுட்டருடன் பேசுவதில்லை. அவை ஹப் எனப்படும் தனிப் பெட்டியுடன் பேசும். அந்தப் பெட்டிதான் ரவுட்டருடன் இணைந்திருக்கும். 2012 இல் சந்தைக்கு வந்த பிலிப்ஸ் ஹியூ இந்த வகை. ஐக்கியாவின் ட்ரோட்ஃப்ரி குமிழ்களும் இந்த வகையே. ஒரு ஜிக்பீ குமிழ் ஒரு நேரத்தில் ஒரு ஹப்புடன் மட்டுமே சேர்ந்திருக்க முடியும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புளூடூத் குமிழ்கள் அருகிலிருக்கும் கைபேசியுடன் நேரடியாகப் பேசுபவை. ஒரு சிறிய அறைக்குப் போதும், முழு வீட்டுக்குப் போதாது.

த்ரெட் என்பது புதிய வகை. ஜிக்பீ போலவே குமிழ்கள் தமக்குள் ஒரு வலையைப் பின்னிக்கொள்ளும். அந்த வலையை வீட்டு இணையத்துடன் இணைக்க த்ரெட் வசதியுள்ள ஒரு சாதனம் தேவை. ஆப்பிளின் ஹோம்பாட் மினி, சில நெஸ்ட், எக்கோ சாதனங்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

இவற்றுக்கு மேலே "மேட்டர்" என்ற பெயரைப் புதிய பெட்டிகளில் காண்பீர்கள். மேட்டர் ஒரு பாதை அல்ல. வைஃபை, த்ரெட் ஆகிய பாதைகளில் பேசப்படும் பொதுமொழி. ஆப்பிள், கூகிள், அமேசான், சாம்சுங் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட இதன் முதற் பதிப்பு 2022 ஒக்ரோபரில் வெளியானது. ஒரே குமிழைப் பல அமைப்புகள் நேரடியாகப் பகிர்ந்துகொள்வதற்கு இதிலேயே வழி செய்யப்பட்டுள்ளது.

பகிர்ந்துகொள்ளும் மூன்று முறைகள்

முதலாவது, ஹப் ஊடாகப் பகிர்வது. குமிழ் ஹப்பில் மட்டும் பதிவாகியிருக்கும். அலெக்சா, கூகிள், ஆப்பிள் யாவும் ஹப்பிடம் கேட்க, ஹப் குமிழுக்குச் சொல்லும். ஹியூவின் சதுரப் பெட்டி 2023 செப்டெம்பர் முதல் மேட்டர் மொழியிலும் பேசுகிறது. இது மிகவும் நிதானமான முறை.

இரண்டாவது, கணக்குகளை இணைப்பது. அலெக்சா செயலியில் குமிழ் நிறுவனத்தின் கணக்கைச் சேர்க்கும்போது கட்டளை வீட்டிலிருந்து அமேசானின் கணினிக்குப் போய், அங்கிருந்து குமிழ் நிறுவனத்தின் கணினிக்குப் போய், மீண்டும் வீட்டுக்கு வருகிறது. இணையம் நின்றால் இந்த முறையும் நின்றுவிடும். குமிழ் நிறுவனத்தின் கடவுச்சொல்லை மாற்றினாலும் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகும்.

மூன்றாவது, மேட்டர் மூலம் நேரடியாகப் பகிர்வது. ஒரு மேட்டர் குமிழ் குறைந்தது 5 அமைப்புகளுக்கு ஒரே நேரத்தில் இடம் கொடுக்க வேண்டும் என்பது அந்த நெறியின் விதி. ஆனால் சில அமைப்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களை எடுத்துக்கொள்வதும் உண்டு.

பழைய ஆப்பிள் ஹோம்கிட் குமிழ்கள் இதற்கு மாறானவை. 8 இலக்கக் குறியீட்டுடன் வந்த அவை ஒரு நேரத்தில் ஒரு ஹோம்கிட் வீட்டுடன் மட்டுமே இணையும். அதே வீட்டிலுள்ள மற்றவர்களை ஆப்பிள் ஹோம் செயலியால் அழைத்துச் சேர்க்க வேண்டுமே தவிர, குறியீட்டை மீண்டும் ஸ்கேன் செய்து பயனில்லை.

எதையும் அழிப்பதற்கு முன்

பலர் முதல் வேலையாகக் குமிழைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அது இருந்த எல்லா அமைப்புகளிலிருந்தும் கழன்றுவிடும். அறைப் பெயர்கள், நேர அட்டவணைகள் எல்லாவற்றையும் மீண்டும் அமைக்க வேண்டும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு பின்வரும் ஒழுங்கில் பாருங்கள்.

1. சுவரிலுள்ள சுவிச் போடப்பட்டிருக்கிறதா? ஸ்மார்ட் குமிழுக்கு எந்நேரமும் மின்சாரம் வேண்டும். படிக்கட்டில் மேலும் கீழும் இரண்டு சுவிச்சுகள் இருந்தால் இரண்டில் எதுவும் மின்சாரத்தை நிறுத்திவிடலாம்.

2. குமிழ் முதலில் பதிவான அமைப்பின் செயலியில், அதாவது ஹியூ குமிழானால் ஹியூ செயலியில், போட்டு அணைத்துப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் குமிழிலும் ஹப்பிலும் கோளாறு இல்லை. சிக்கல் இடையிலுள்ள இணைப்பில்தான்.

3. அங்கேயும் வேலை செய்யவில்லையா? அதே ஹப்பிலுள்ள வேறொரு குமிழைப் போட்டுப் பாருங்கள். அதுவும் இயங்காவிட்டால் ஹப்பின் மின்சாரத்தையும் ரவுட்டருக்குப் போகும் வயரையும் பாருங்கள். ஹப்பைக் கழற்றி அரை நிமிடம் கழித்து மீண்டும் பூட்டுங்கள்.

4. கைபேசி வீட்டு வைஃபையில் இருக்கிறதா, விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா? விருந்தினர் இணைப்பு பெரும்பாலும் வீட்டுச் சாதனங்களைக் காட்டாது. கைபேசியில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே நிலைதான்.

5. ஒரு செயலியில் மட்டும் கோளாறு என்றால் அந்த ஒரு இணைப்பை மட்டும் நீக்கிப் புதிதாகச் சேருங்கள். மற்ற அமைப்புகளில் கை வைக்க வேண்டாம்.

அடிக்கடி காணும் கோளாறுகள்

"பதில் இல்லை" என்று ஒரு குமிழ் மட்டும் காட்டுகிறது

பெரும்பாலும் யாரோ சுவர் சுவிச்சை அணைத்திருப்பார்கள். ஜிக்பீ, த்ரெட் வலைகளில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. ஜிக்பீ குமிழ்கள் ஒன்றின் செய்தியை மற்றொன்று கடத்திவிடும்; த்ரெட் குமிழ்களிலும் பெரும்பாலானவை அப்படியே. நடுவிலுள்ள குமிழின் மின்சாரத்தை நிறுத்தினால் அதற்கு அப்பாலுள்ள தோட்டக் குமிழும் காணாமல் போகலாம். ஆகவே காணாமல் போன குமிழை மட்டும் பார்க்காமல் அதற்கும் ஹப்புக்கும் இடையில் இருப்பவற்றையும் பாருங்கள்.

சிறுபிள்ளைகள் சுவிச்சைப் பலமுறை வேகமாகப் போட்டு அணைத்து விளையாடுவதும் ஒரு காரணம். ட்ரோட்ஃப்ரி குமிழ்களில் 6 தடவை அப்படிச் செய்தால் குமிழ் தன் பதிவையெல்லாம் மறந்துவிடும். அதுவே அதைத் திருப்பி அமைக்கும் முறை. வேறு பல வைஃபைக் குமிழ்களிலும் இதேபோன்ற முறை உண்டு. ஹியூ குமிழ்கள் இப்படி மறப்பதில்லை.

தானாகப் போட்டு அணைகிறது

பெரும்பாலும் இரண்டு அமைப்புகளில் இரண்டு நேர அட்டவணைகள் இருக்கும். ஹியூவில் யாரோ "சூரியன் மறையும்போது போடு" என்று வைத்திருப்பார். அலெக்சாவில் இன்னொருவர் "இரவு 9 மணிக்கு அணை" என்று வைத்திருப்பார். ஊரில் வருடம் முழுவதும் மாலை 6 மணியை ஒட்டியே பொழுது சாயும்; யாழ்ப்பாணத்தில் அந்த வேறுபாடு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டாது. லண்டனில் டிசெம்பரில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூன் கடைசியில் இரவு 9.20 வரை இருக்கும். ஒஸ்லோவில் அந்த வித்தியாசம் இன்னும் பெரிது. அதனால் டிசெம்பரில் சச்சரவில்லாமல் இருந்த இரண்டு அட்டவணைகள் ஜூனில் மோதும்: 9 மணிக்கு அணைக்கச் சொன்னது முதலில் ஓட, 9.20க்கு விளக்கு தானாக வந்து விடியும்வரை எரியும்.

அட்டவணை ஒரு மணித்தியாலம் பிந்தியோ முந்தியோ ஓடினால் அந்தச் செயலியில் பதிந்துள்ள வீட்டு முகவரியையும் நேர வலயத்தையும் பாருங்கள். ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் மார்ச், ஒக்ரோபர் மாதங்களின் கடைசி ஞாயிறில் நேரம் மாறுகிறது. கனடாவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும் மாறுகிறது. வேறு நாட்டிலுள்ள உறவினர் தன் கணக்கில் அமைத்துக் கொடுத்த ஹப் என்றால் இதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

ஆட்கள் இருக்கும்போதே விளக்குகள் அணைகின்றன

எமது வீடுகளில் மிகவும் கவனிக்க வேண்டியது இது. "கடைசி ஆள் வெளியே போனதும் எல்லாவற்றையும் அணை" என்ற வசதி எல்லா அமைப்புகளிலும் உண்டு. அது ஆட்களை எண்ணுவதில்லை. அந்த அமைப்பில் பதிந்த கைபேசிகளைத்தான் எண்ணுகிறது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய், பிள்ளைகள் பாடசாலைக்குப் போனதும், வீட்டில் தாத்தாவும் பாட்டியும் இருந்தாலும் அமைப்பின் கணக்கில் வீடு வெறுமை. மாரிகாலத்தில் பிற்பகல் 4 மணிக்கே இருளும் நாட்டில் இது விளையாட்டான விடயமல்ல. பதிந்த கைபேசி இல்லாத ஒருவர் வசிக்கும் வீட்டில் இந்த வசதியை எல்லா அமைப்புகளிலும் நிறுத்திவிடுங்கள். ஒன்றில் நிறுத்தி மற்றதில் மறந்தால் பயனில்லை.

ஒரே குமிழ் இரண்டு தடவை தெரிகிறது

அலெக்சா அல்லது கூகிள் செயலியில் "விறாந்தை" என்று இரண்டு விளக்குகள் இருக்கும். குரலில் சொன்னால் எதை என்று கேட்கும். குமிழ் நிறுவனக் கணக்கின் ஊடாக ஒருமுறையும், மேட்டர் ஊடாக இன்னொரு முறையும் அது வந்திருக்கிறது. வீட்டுக்குள்ளேயே முடியும் மேட்டர் பாதையை வைத்துக்கொண்டு, கணக்கு இணைப்பை முழுமையாகத் துண்டியுங்கள். இரட்டைப் பதிவை மட்டும் அழித்தால் அடுத்த தேடலில் அது திரும்ப வந்துவிடும்.

குமிழுக்கும் அறைக்கும் ஒரே பெயர் வைப்பதும் இந்தக் குழப்பத்தைத் தரும். அறைக்கு ஒரு பெயர், குமிழுக்கு வேறு பெயர் என்று பிரித்து வையுங்கள். ஆங்கிலத்துக்கு அமைத்த ஒலிபெருக்கி "குசினி" என்ற சொல்லைப் பலவேளைகளில் பிடித்துக்கொள்ளாது. அது விளங்கிக்கொள்ளும் சிறிய பெயராக வைத்து, அதே பெயரை எல்லாச் செயலிகளிலும் பாவியுங்கள்.

ஒரு செயலியில் "எரிகிறது", மற்றதில் "அணைந்துள்ளது"

கணக்கு இணைப்பின் ஊடாக வரும் நிலைச் செய்திகள் தாமதமாக வரும், சிலவேளை வராமலே போகும். பதிவான ஹப்பின் செயலி சொல்வதையே நம்புங்கள். நிறம் தானாக மாறிக்கொண்டே இருந்தால், நாளின் நேரத்துக்கேற்ப வெள்ளையை மஞ்சளாக்கும் வசதி ஓர் அமைப்பில் இயங்கிக்கொண்டிருக்கலாம். அதை ஒரே ஓர் அமைப்பில் மட்டும் வைத்திருங்கள்.

இரண்டாவது அமைப்பில் சேர மறுக்கிறது

மேட்டர் குமிழில் அச்சிட்டுள்ள 11 இலக்கக் குறியீடும் கியூஆர் படமும் முதலாவது அமைப்பில் சேர்ப்பதற்கே. இரண்டாவதில் சேர்ப்பதற்கு முதலாவது செயலிக்குள் போய், அந்தக் குமிழின் அமைப்புகளில் இணைத்தல் முறையைத் திறந்து, அது தரும் புதிய குறியீட்டைப் பாவிக்க வேண்டும். அந்தக் குறியீடு சில நிமிடங்களே செல்லுபடியாகும். 15 நிமிடங்களுக்கு மேல் திறந்திருக்காது. அதற்குள் முடியாவிட்டால் இன்னொரு குறியீடு எடுங்கள். சேர்க்கும் ஒவ்வோர் அமைப்புக்கும் அதன் சொந்த ஹப்போ ஒலிபெருக்கியோ வீட்டில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜிக்பீ குமிழானால், பழைய ஹப்பின் செயலியில் அதை நீக்கிய பின்னரே புதிய ஹப்பில் சேர்க்கலாம். நீக்கும்போது குமிழுக்கு மின்சாரம் இருக்க வேண்டும். அப்போதுதான் "நீ போகலாம்" என்ற செய்தி அதற்குப் போய்ச் சேரும். பழைய ஹப்பே கைவசம் இல்லையென்றால், ஹியூ குமிழின் உடலிலுள்ள 6 எழுத்து அல்லது எண்கள் கொண்ட தொடரிலக்கத்தை ஹியூ செயலியில் கொடுத்துத் தேடலாம்.

மெதுவாக இயங்குகிறது, கூட்டத்தில் ஓரிரு குமிழ்கள் விடுபடுகின்றன

ஜிக்பீயும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையும் ஒரே வீதியில் ஓடும் வாகனங்கள். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை 16 தடங்கள் உள்ளன. வைஃபை வழமையாக 1, 6, 11 ஆகிய தடங்களைப் பாவிக்கும். இரண்டிலும் எண்கள் ஒன்றுபோல இருந்தாலும் இடம் ஒன்றல்ல: வைஃபையின் 1ஆம் தடம் ஜிக்பீயின் 11 முதல் 14 வரையான பகுதியை மூடிவிடும். ரவுட்டர் 1இல் இருந்தால் ஹப்பை 20க்கோ 25க்கோ மாற்றுங்கள். ஹியூ செயலியில் இந்தத் தடத்தை மாற்றும் வசதி உண்டு. ஹப்பை ரவுட்டருக்கு மேல் அடுக்கி வைக்காமல் குறைந்தது ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள்.

அடுக்குமாடியில் அயலவர்களின் வைஃபையும் இதே வீதியில்தான் ஓடுகிறது. மேலும், ஒரு வீட்டில் இரண்டு ஜிக்பீ ஹப்புகள் இருந்தால் அவற்றின் குமிழ்கள் ஒன்றுக்கொன்று உதவுவதில்லை. ஹியூவில் நான்கு, ஐக்கியாவில் நான்கு என்று பிரிந்திருப்பதைவிட எட்டும் ஒரே ஹப்பில் இருந்தால் வலை உறுதியாக இருக்கும். ஹியூவின் சதுரப் பெட்டி சுமார் 50 குமிழ்கள்வரை தாங்கும்.

மின்தடைக்குப் பின் வீடு முழுவதும் வெளிச்சம்

மின்சாரம் போய் வந்தால் பல குமிழ்கள் முழு வெளிச்சத்துடன் எரியத் தொடங்கும். இது கோளாறு அல்ல. சுவர் சுவிச்சைப் போட்டவருக்கு வெளிச்சம் வரவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. படுக்கையறைக் குமிழ்களில் மட்டும் செயலிக்குள் போய் "முன்பிருந்த நிலைக்குத் திரும்பு" என்று மாற்றுங்கள். படிக்கட்டு, மலசலகூடம், வாசல் ஆகிய இடங்களில் மாற்றாமல் விடுங்கள்.

மினுக்குகிறது, இரைகிறது

சுவரில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் சுவிச் இருந்தால் ஸ்மார்ட் குமிழ் மினுக்கும், இரையும், விரைவில் பழுதாகும். செயலியில் எதை மாற்றினாலும் இது தீராது. டிம்மரை அகற்றிச் சாதாரண சுவிச் பூட்ட வேண்டும். அதைத் தகுதியுள்ள மின் தொழிலாளரைக் கொண்டு செய்யுங்கள்.

இணைய நிறுவனம் மாறியதும் எல்லாம் நின்றுவிட்டது

வைஃபைக் குமிழ்களுக்குப் பழைய வைஃபைப் பெயரும் கடவுச்சொல்லும்தான் தெரியும். புதிய ரவுட்டரில் அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் வைத்தால் பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவரும். வராதவற்றுக்கு, ரவுட்டரில் 2.4 அலைவரிசை திறந்திருக்கிறதா என்றும், பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 3 மட்டும் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய குமிழ்களுக்கு டபிள்யூபிஏ 2 உம் தேவை. வயரால் இணைந்த ஹப் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. வயரைப் புதிய ரவுட்டரில் செருகினால் குமிழ்கள் இருந்தபடியே இருக்கும்.

அட்டவணை ஓர் இடத்தில் இருக்கட்டும்

மேலே சொன்ன கோளாறுகளில் பாதி, ஒரே வேலையை இரண்டு அமைப்புகள் செய்வதால் வருபவை. யார் வேண்டுமானாலும் விளக்கைப் போடலாம், அணைக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் நேரம் பார்த்துப் போடுவது, ஆள் நடமாட்டம் பார்த்துப் போடுவது, வெளியே போனதும் அணைப்பது போன்ற தானியங்கி வேலைகள் யாவும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும். குமிழ்கள் பதிந்துள்ள ஹப்பே அதற்குப் பொருத்தமானது. பெரும்பாலான ஹப்புகள் இணையம் நின்றாலும் தம்மிடமுள்ள அட்டவணையை வீட்டுக்குள்ளேயே ஓட்டும். மற்றச் செயலிகளிலுள்ள தானியங்கி அட்டவணைகளை ஒவ்வொன்றாகத் திறந்து அழித்துவிடுங்கள். குடும்பத்தில் எல்லோருடைய கைபேசியையும் மேசையில் வைத்து ஒரு மாலையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

திறப்பு யாரிடம் இருக்கிறது?

வீட்டுக் கதவின் திறப்பு யார் யாரிடம் இருக்கிறது என்று எமக்குத் தெரியும். விளக்குகளின் திறப்பு அப்படித் தெரிவதில்லை. அறையை வாடகைக்கு எடுத்திருந்து போனவர், பிரிந்து சென்ற துணைவர், ஹப்பை அமைத்துத் தந்த நண்பர் ஆகியோரின் கைபேசிகளில் உங்கள் வீடு இன்னும் இருக்கலாம். அவர்களால் விளக்கைப் போட்டு அணைக்க முடியும். எப்போது விளக்கு எரிகிறது, எப்போது வீட்டில் ஆள் இல்லை என்பதையும் பார்க்க முடியும். பிரிவுக்குப் பின் பயமுறுத்துவதற்காக இதைப் பாவிப்பவர்களும் உண்டு. விளக்குகள் காரணமின்றிப் போட்டு அணைகின்றன என்று ஒரு பெண் சொன்னால் அவரது மனப்பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். பிரிந்தவரால் ஆபத்து நேரலாம் என்ற அச்சம் இருந்தால், எதையும் நீக்குவதற்கு முன் அந்தப் பட்டியலைப் படமெடுத்து வைத்து, உங்கள் நாட்டிலுள்ள பெண்கள் உதவி அமைப்பிடமோ காவல்துறையிடமோ ஆலோசனை கேளுங்கள். அவை சான்றாகத் தேவைப்படலாம். திடீரென நீக்குவது மற்றவரை எச்சரிப்பதாகவும் அமையலாம்.

ஒவ்வொரு செயலியிலும் வீட்டு உறுப்பினர்களின் பட்டியல் உண்டு. மேட்டர் குமிழில் எந்தெந்த அமைப்புகள் இணைந்துள்ளன என்ற பட்டியலும் உண்டு. தெரியாத பெயரை நீக்கிக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். சந்தேகம் தீராவிட்டால், அப்போது குமிழையும் ஹப்பையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது சரியான முடிவு. வீடு மாறும்போதும், குமிழ்களை விட்டுச் சென்றாலும் கொண்டு சென்றாலும் இதைச் செய்யுங்கள்.

கணக்கை யாருடைய மின்னஞ்சலில் வைப்பது என்பதும் முக்கியம். பிள்ளையின் பாடசாலை மின்னஞ்சலில் திறந்த கணக்கு, பாடசாலை முடிந்ததும் மூடப்படும். குடும்பத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் வைத்து அதில் திறப்பதே நல்லது.

கைபேசி இல்லாதவருக்கு

வீட்டிலுள்ள முதியவருக்கு எந்தச் செயலியும் தேவைப்படாதபடி விளக்குகள் இருக்க வேண்டும். மின்கலத்தில் இயங்கும் கம்பியில்லாச் சுவிச்சுகளை ஹியூ, ஐக்கியா போன்றவை விற்கின்றன. சுவரில் பழைய சுவிச்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம். அவை இணையத்தை நம்பியிருப்பதில்லை. பழைய சுவிச்சைத் தவறுதலாக அணைக்காமல் இருக்க அதன்மேல் பூட்டும் மூடிகளும் கிடைக்கின்றன.

படிக்கட்டிலும் இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழியிலும் ஸ்மார்ட் குமிழே தேவையா என்றும் யோசியுங்கள். சாதாரண எல்இடி குமிழும் சாதாரண சுவிச்சும், அல்லது செருகியில் பூட்டும் ஆள் நடமாட்டத்தில் எரியும் சிறு விளக்கும் அங்கே போதும். அதற்குக் கடவுச்சொல் இல்லை, மறதியும் இல்லை.

எழுதி வைக்க வேண்டியவை

புதிய குமிழைப் பூட்டுவதற்கு முன் அதிலுள்ள குறியீட்டையும் தொடரிலக்கத்தையும் படமெடுத்துக் கொள்ளுங்கள். பூட்டிய பின் பார்ப்பதற்கு ஏணி தேவைப்படும். பின்னர் ஒரு தாளில் இவற்றைத் தமிழில் எழுதி மின்பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள்: எந்த அறைக் குமிழ் எந்த ஹப்பில் உள்ளது, ஹப் எங்கே இருக்கிறது, அட்டவணை எந்தச் செயலியில் உள்ளது, எந்தச் சுவிச்சுகளை அணைக்கக் கூடாது, கோளாறென்றால் முதலில் எதைக் கழற்றிப் பூட்ட வேண்டும். கடவுச்சொற்களை அந்தத் தாளில் எழுதாமல் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

எழுதி முடித்ததும், வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். அவருக்கு விளங்காத வரியை மாற்றி எழுதுங்கள். அடுத்த முறை விளக்கு நின்றுபோகும்போது வீட்டில் தனியாக இருப்பவர் அவராகத்தான் இருப்பார்.